சகாதேவன் பேர் போட்ட பெட்டி

பாஞ்சாலையைக் கேட்டால், ஆம்பளைகளுக்கு வருகிற வியாதிகளிலேயே தீராத வியாதி கௌரவம்தான் என்பாள். மற்றதற்கெல்லாம் சர்க்கார் மாத்திரை கொடுக்கிறது. இதற்குக் கொடுப்பதில்லை.

மரக்காணம் உப்பளத்தில் இருபது வருஷமாகத் தலையில் உப்புக்கூடை சுமக்கிறவள் அவள். புருஷன் சகாதேவன் பாத்தியில் உப்பு வாருகிறவன். இரண்டு வருஷமாக இருமினான். கேட்டவர்களிடம் உப்புக்காற்று என்றான். "உப்புல ஊறுன உடம்பு, இதுல புழு வைக்குமா?" என்று கருவாட்டுக்குச் சொல்ல வேண்டிய பெருமையைத் தனக்குச் சொல்லிக்கொண்டான். அவன் அண்ணனும் இப்படித்தான் பேசினான். பாதி மருந்தோடு நிறுத்திவிட்டு முப்பத்தெட்டு வயதில் போய்ச் சேர்ந்தான். அந்தச் சாவுக்குக்கூட வீட்டில் வைத்த பெயர் மூச்சடைப்பு.

2005 பங்குனியில் சகாதேவனுக்குச் சளியில் ரத்தம் வந்தது. பாஞ்சாலை அவனை இழுத்துக்கொண்டு போய் ஆஸ்பத்திரியில் நிறுத்தினாள். காசநோய் என்றார்கள். ஆறு மாத மருந்தையும் ஒரு பெட்டியில் போட்டு மேலே அவன் பேரை எழுதினார்கள். வாரத்தில் மூன்று நாள், பொறுப்பான ஒருவர் கண்ணெதிரே விழுங்க வேண்டும். நடுவில் விட்டால் அப்புறம் மருந்து கேட்காது என்று நர்சம்மா அழுத்திச் சொன்னார். பெட்டியை உங்கள் ஊர் அங்கன்வாடியிலேயே வைத்துவிடலாமா என்றும் கேட்டார். சகாதேவத் துரை வேண்டாமென்றுவிட்டார். ஊருக்குத் தெரிந்துவிடுமாம். பக்கத்து ஊர் அங்கன்வாடியில், டீச்சர் லூர்துமேரியிடம் வைக்கச் சொன்னார். அங்கே சைக்கிள் மிதித்துப் போய் விழுங்கிவிட்டு வருவார். வழியில் யாராவது கேட்டால் ஆள் பார்க்கப் போனதாகச் சொல்வார். இருமல் ஊர் முழுக்கக் கேட்டது, மாத்திரை மட்டும் ரகசியம்.

ஒரு மாதத்தில் இருமல் அடங்கியது. தொண்டையில் சோறு இறங்கியது. சித்திரை கடைசியில் திரௌபதி அம்மன் கோயில் தீமிதிக்குக் காப்புக் கட்டினார்கள். இருமலை நிறுத்தியது அம்மன்தான் என்று முடிவு கட்டி, சகாதேவனும் போய்க் கையை நீட்டிவிட்டான். காப்புக் கட்டினவன் பதினெட்டு நாள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. உப்பளம் எல்லைக்குள்ளே இருந்தது. பெட்டி எல்லைக்கு வெளியே இருந்தது. இது அவன் மண்டைக்கு எட்டவில்லையா, எட்டியும் பேசாமல் இருந்தானா என்பது அந்த அம்மனுக்கே வெளிச்சம்.

எட்டாம் நாள் காலையில் லூர்துமேரி உப்பளத்து வரப்பில் வந்து நின்றாள்.

"இன்னா பாஞ்சாலை, உங்க வீட்டுக்காரரு மூணு தடவையா வரல. எங்கனா வெளியூர் போயிட்டாரா?"

பாஞ்சாலை கூடையைப் போட்டுவிட்டு அவன் நின்ற பாத்திக்கு ஓடினாள்.

"ஏய்யா, மாத்திர போட்டியா இல்லியா?"

"காப்பு கட்டிக்கினு எப்படிப் போறது? இன்னும் பத்து நாள்தானே. அம்மன் பாத்துக்குவா."

"அப்ப பெட்டியோட டீச்சர இங்க கூட்டியாறேன்."

"கூட்டியாந்தா ஊரு இன்னா பேசும்?"

"உங்க அண்ணன் செத்தப்ப ஊரு இன்னா பேசுச்சு? காரியச் சோத்துல உப்பு கம்மின்னு பேசுச்சு."

அவன் பலகையை எடுத்துக்கொண்டு உப்பு வாரப் போய்விட்டான். பதில் இல்லாத ஆம்பளைக்கு எப்போதும் வேலை இருக்கும்.

அன்று பிற்பகல் கோயில் பந்தலில் பாரதம் படித்துக்கொண்டிருந்தார்கள். காப்புக் கட்டியவர்கள் மஞ்சள் வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். சகாதேவன் நடுநாயகமாக இருந்தான். பாஞ்சாலை ஒரு கையில் தண்ணீர்ச் செம்போடு நேரே அவன் முன்னால் போய் நின்றாள். பின்னால் லூர்துமேரி, பெட்டியோடு. படிக்கிறவர் படிப்பை நிறுத்தினார்.

"இன்னாம்மா இது, சாமி காரியம் நடக்கற எடத்துல?" என்று தர்மகர்த்தா தட்சணாமூர்த்தி எழுந்தார்.

"இவருக்கு டிபிங்க. இன்னிக்கு மாத்திர போடற நாளு. இவரு எல்லய தாண்டக் கூடாதாம், அதான் மாத்திர தாண்டி வந்திருக்குது."

பந்தலில் பாய்கள் நகர்ந்தன. இரண்டு வருஷம் அவன் இருமலை மூஞ்சிக்கு நேரே வாங்கிக்கொண்டு அவனோடு பீடி பங்கு போட்டவர்கள், மருந்து தின்று அது அடங்கின பிறகு துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்தார்கள். அவர்கள் புத்தி அவ்வளவுதான்.

"காப்ப அவுத்துடு சகாதேவா. அடுத்த வருஷம் மிதிச்சிக்கலாம்" என்றார் தட்சணாமூர்த்தி.

"அவுக்க வேணாங்க" என்றாள் பாஞ்சாலை. "மாத்திர முழுங்கறவன் தீ மிதிக்கக் கூடாதுன்னு எந்த பாரதத்துல எழுதியிருக்குது? படிக்கச் சொல்லுங்க, கேக்கறேன்."

படிக்கிறவர் புத்தகத்தைப் பார்த்தார். தட்சணாமூர்த்தி அவரைப் பார்த்தார். பிறகு உட்கார்ந்துவிட்டார்.

"மானத்த வாங்கிட்டியேடி" என்றான் சகாதேவன், அவளுக்கு மட்டும் கேட்கும்படி.

அந்த நிமிஷத்தில் அவளுக்கு அவனைக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. ஆனால் அவன் சாகக் கூடாது. அது மட்டும் அவளுக்குத் தெளிவாகத் தெரிந்தது. லூர்துமேரி ஏழு மாத்திரைகளையும் பிரித்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். ஒவ்வொன்றாக விழுங்கினான். ஏழாவது இறங்கும்வரை பாஞ்சாலை அவன் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வாயத் தொற" என்றாள். "நாக்குக்கு அடியில வெச்சிக்கிற ஆளு நீ."

ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்க, சகாதேவன் வாயைத் திறந்து காட்டினான்.