அத்தானுக்கு முப்பத்தைந்து மதிப்பெண்

என் அக்காள் கணவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் சுத்தியல். பேருந்துகளைச் சோதித்துத் தகுதிச் சான்று கொடுக்கிற ஆய்வாளராக முப்பத்தொரு வருடம் இருந்தார். சின்னச் சுத்தியல் ஒன்றால் சக்கரத்தின் ஒவ்வொரு நட்டையும் தட்டிப் பார்ப்பார். ஒன்றின் ஓசை மாறினாலும் வண்டி வந்த வழியே திரும்ப வேண்டியதுதான். முதலாளிமார் வண்டியைக் கழுவி, பாலிஷ் போட்டு, சீட்டுக்கெல்லாம் புது உறை மாட்டிக் கொண்டுவருவார்கள். அத்தான் அதை ஏறெடுத்தும் பார்க்காமல் பள்ளத்தில் இறங்கி வண்டிக்கு அடியில் போய்விடுவார்.

அப்பேர்ப்பட்ட மனிதர், தன்னைச் சோதிக்க ஆள் வந்த அன்று செய்த காரியம் இருக்கிறதே, இப்போது நினைத்தாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஓய்வு பெற்ற மூன்றாம் வருடம் அவருக்குப் பார்கின்சன் நோய் வந்தது. மாத்திரை வேலை செய்கிற நேரத்தில் பார்த்தால் எங்கோ விசேஷத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருப்பார். அதன் வேகம் அடங்கிவிட்டால் நாற்காலியிலிருந்து எழுப்ப இரண்டு பேர் வேண்டும். வீட்டில் இருப்பதோ அக்கா ஒருத்தி. மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸை அளவுக்குத் தேய்த்துச் சட்டத்தில் பொருத்துவது அவள் வேலை. இன்னும் நான்கு வருடம் ஓட்டினால் முழு ஓய்வூதியம், நடுவில் நின்றால் பாதி. நோய் ஏறுமே தவிர இறங்காது என்று மருத்துவர் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். "பெரிய செலவு இப்ப இல்லம்மா, அஞ்சாறு வருஷம் கழிச்சுதான். ஆனா அதுக்கு வழி இப்பவே பண்ணிக்கணும்" என்றார்.

வழி என்று இருந்தது ஒன்றே ஒன்று. அரசாங்க மருத்துவக் காப்பீட்டில் வீட்டுக்கே உதவியாளரை அனுப்புவார்கள். முன்பு அதற்கு மருத்துவரின் கடிதம் போதும். அந்த வருடம் பார்த்து விதியை மாற்றினார்கள். இனி மதிப்பீட்டாளர் ஒருவர் வீட்டுக்கு வந்து, குளிப்பது, உடுத்துவது, நடப்பது, படுப்பது என்று கேட்டு நூற்றுக்கு மதிப்பெண் போடுவார். எவ்வளவு முடியவில்லையோ அவ்வளவு மதிப்பெண். அறுபது எடுத்தால் உதவியாளர் உண்டு, நோய் ஏற ஏற நேரமும் கூடும். வருடக் கடைசிக்குள் சேராவிட்டால் அப்புறம் மூன்று வருடம் காத்திருக்க வேண்டும். நான் தபால் அலுவலகத்தில் ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து நாள் முழுக்கப் படிவங்களோடு மல்லுக்கட்டுகிறவள். எனக்கே இது புரிய மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. புரிந்ததும் அக்காவிடம் சொன்னேன், "உன் வேலை நிலைக்கிறதும் போறதும் இந்த அறுபதுலதான் இருக்கு."

மதிப்பீட்டாளர் அம்மாள் காலை பத்து மணிக்கு வந்தார். மாத்திரை நன்றாகப் பிடித்திருந்த நேரம். அத்தான் சவரம் செய்து, தேய்த்த சட்டையில் பளிச்சென்று நின்றார். அந்தச் சட்டையை அவருக்கு மாட்டிப் பொத்தான் போட அக்காவுக்கு அரைமணி நேரம் ஆனது அவருக்குத் தெரியாதா? வாசல் வரை நடந்து போய், "வழி கண்டுபிடிக்கச் சிரமமா இருந்துச்சா?" என்று அந்த அம்மாளையே விசாரித்தார்.

"குளிக்கிறதெல்லாம் எப்படிங்க?"

"நானேதான்."

"சட்டை போட்டுக்கிறது?"

"அதுவும் நானே. கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்."

எனக்கு அன்று விடுப்புக் கிடைக்கவில்லை, எல்லாம் பிறகு கேள்விப்பட்டதுதான். அக்காவாவது வாயைத் திறந்திருக்கலாம். அவள் செய்தது அதைவிடக் கொடுமை. வீட்டைத் துடைத்துப் பளபளவென்று ஆக்கி, குளியலறையில் அவர் உட்காருகிற பிளாஸ்டிக் நாற்காலியை யாரும் பார்த்துவிடக் கூடாதென்று பின்கட்டில் ஒளித்து வைத்திருந்தாள். பத்து நாளில் கடிதம் வந்தது. முப்பத்தைந்து. முப்பது நாளுக்குள் ஒரே ஒரு முறை மறுமதிப்பீடு கேட்கலாம்.

நான் சும்மா விடவில்லை. "எந்த முதலாளி கழுவிக் கொண்டாந்தாலும் ஏமாந்ததில்லைன்னு பெருமை அடிப்பீங்களே அத்தான், இப்ப நீங்களே கழுவின வண்டியா நின்னிருக்கீங்களே" என்று கேட்டேன்.

"வீட்டுக்கு வந்த பொம்பளகிட்ட, என்னைக் குளிப்பாட்டி விடுறாங்கன்னு சொல்லச் சொல்றியா?"

"ஆமா. அதைக் கேக்கத்தான் அவங்க வந்தாங்க."

முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். ஒரு வாரம் என்னோடு பேச்சில்லை. நானும் போகவில்லை. எனக்கு மட்டும் ரோஷம் கிடையாதா?

பிறகு ஒரு மாலை அக்கா இடது கையில் கட்டோடு தபால் அலுவலகத்துக்கு வந்தாள். குளியலறையில் அவரைத் தூக்கும்போது மணிக்கட்டு பிசகிவிட்டது. ஒரு கையால் லென்ஸ் பொருத்த முடியாது, பதினைந்து நாள் விடுப்பு. "வேலையை விட்டுடலாம்னு பாக்கறேன்டி" என்றாள். அழவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவளோடு வீட்டுக்குப் போனேன். அத்தான் அவள் கைக்கட்டையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சண்டைக்குத் தயாராகத்தான் நான் போயிருந்தேன். அவர் பேசிய விதத்தில் என் கோபம் இருந்த இடம் தெரியவில்லை.

"பேனா எடும்மா. நான் சொல்லச் சொல்ல எழுது. கூட்டிச் சொல்ல மாட்டேன். குறைச்சும் சொல்ல மாட்டேன்."

பழைய ஆய்வு அறிக்கை மாதிரியே வரிசையாகச் சொன்னார்.

"குளியல். தனியா முடியாது. இந்த மாசம் மூணு தடவ விழுந்தேன்."

"ஒரு தடவதானே?" என்றாள் அக்கா.

"ரெண்டு தடவ நீ கடையில இருந்த. சுவத்தைப் பிடிச்சு எந்திரிக்க ஒரு மணி நேரமாச்சு." என்னைப் பார்த்தார். "எழுது. படுக்கை. தானா திரும்ப முடியாது. ராத்திரிக்கு நாலு தடவ அவ எந்திரிச்சுத் திருப்பிப் போடறா."

"நீங்க தூங்கிட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்."

"தூங்கற மாதிரி இருப்பேன். உன் தூக்கம் கெடுதேன்னு வெக்கமா இருக்கும்."

அக்கா எழுந்து உள்ளே போய்விட்டாள். எனக்கும் கண் மறைத்தது. அவர் மட்டும் நிறுத்தவில்லை. சாப்பாடு, கழிவறை, செருப்பு என்று இரண்டு பக்கம் சொல்லி முடித்தார். கடைசியில், "காலைல ஏழு மணிக்கு வரச் சொல்லு. மாத்திரைக்கு முன்னாடி" என்றார்.

இந்த முறை வந்தவர் நடுவயது ஆள், அதிகம் பேசாதவர். நாற்காலி அதன் இடத்திலேயே கிடந்தது. வீட்டை யாரும் துடைக்கவில்லை. அத்தான் கட்டிலில் உட்கார்ந்தபடி, "பேசறதுக்கு முன்னாடி இதைப் பாத்துடுங்க" என்று சட்டையைக் கையில் எடுத்தார். கை மாட்டவே ஐந்து நிமிடம். முதல் பொத்தான் துளைக்குப் பக்கத்தில் போவதும் நழுவுவதுமாக இருந்தது. அவருக்கு வேர்த்து ஊற்றியது. அக்காவுக்குப் பொறுக்கவில்லை, கட்டுப் போட்ட கையோடு கிட்டே போனாள்.

"கைய எடு. அவர் பாக்கட்டும்" என்றார் அத்தான்.

பத்து நிமிடத்தில் ஒரு பொத்தான். வந்தவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதிக்கொண்டார். நாங்கள் எழுதிய இரண்டு பக்கத்தையும் வாங்கி நிதானமாகப் படித்தார். "எல்லாரும் இப்படி எழுதிக் குடுத்தா எங்க வேலை சுலபமாயிடும் சார்" என்று மட்டும் சொன்னார்.

கடிதம் வந்த அன்று நான் அங்கேதான் இருந்தேன். எழுபத்தொன்று. காலையில் மூன்று மணி நேரம், மாலையில் இரண்டு மணி நேரம் உதவியாளர், திங்கட்கிழமையிலிருந்து. சத்தமாகப் படித்துக்கொண்டே வந்தவள் ஒரு வரியில் நிறுத்திவிட்டேன்.

"என்ன போட்டிருக்கு? படி" என்றார்.

"அது ஒண்ணுமில்ல அத்தான், சும்மா அவங்க பாஷை."

"படின்னா படி."

படித்தேன். "இவர் தமது அன்றாடத் தேவைகள் அனைத்துக்கும் பிறரைச் சார்ந்திருப்பவர்."

அக்கா அவர் முகத்தையே பார்த்தாள். எனக்கு அந்தக் காகிதத்தைக் கிழித்துப் போடலாமா என்றிருந்தது. அத்தான் கை நீட்டி அதை வாங்கி, அந்த வரியைத் தானே ஒரு முறை படித்தார்.

"சரியாத்தான் எழுதியிருக்கார்" என்றார். அப்புறம் அக்காவின் பக்கம் திரும்பி, "திங்கக்கிழமை கடைக்குப் போறே இல்ல?" என்று கேட்டார்.

"போறேன்" என்றாள்.