நீதிமன்றத்தில் பாடிய பாகவதர்

முத்துப்பேச்சி பயந்தது ஒன்றே ஒன்றுக்குத்தான். ஊர் கேட்கக் கத்த வேண்டும். போலீஸ்காரரான கணவர் பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் ஸ்ரீவில்லிபுத்தூர் நீதிமன்றத்தில் அவளுக்கு டவாலி வேலை கிடைத்தது. வழக்குக்கு வந்தவர்களின் பெயரை வராந்தாவில் நின்று மூன்று தடவை கூப்பிட வேண்டும். தன் ஊரான வன்னியம்பட்டியில் கோழி விரட்டக்கூடச் சத்தம் போடாதவள் அவள். முதல் நாள் கூப்பிட்டது பக்கத்தில் நின்ற வக்கீலுக்கே கேட்கவில்லை. "என்னம்மா, ரகசியம் சொல்லுதியளா?" என்று சிரித்தார்கள். அதெல்லாம் பழைய கதை. இப்போது அவள் குரல் கொடுத்தால், ரோட்டுக்கு அந்தப் பக்கம் டீ குடிப்பவன் கிளாஸைப் பாதியில் வைத்துவிட்டு ஓடிவருவான்.

அப்படி அவள் கூப்பிட்டுக் கூப்பிட்டுச் சலித்த பெயர்கள் இரண்டு. இருளம்மாள், மெல்வின். இரண்டு பேருமே இராஜபாளையத்துக்காரர்கள். வழக்கு ஒரு பாட்டைப் பற்றியது.

"மலையிறங்கி வாராயோ மேகமே" என்ற அந்தச் சகானா ராகக் கீர்த்தனையை அந்தப் பக்கத்தில் பாடாத பள்ளிக்கூடம் கிடையாது. அதை இயற்றியவர் தன் தாத்தா கண்ணுச்சாமி பாகவதர் என்றாள் இருளம்மாள். அவருக்குச் சிஷ்யராக இருந்த தன் தாத்தா இருதயம்தான் இயற்றினார் என்றான் பாட்டு வாத்தியாரான மெல்வின். எத்தனையோ வாய்தாக்கள் போயின. எதிரெதிர் பெஞ்சில் உட்கார்ந்து முகத்தைத் திருப்பிக்கொள்வதில் மட்டும் இருவரும் ஒற்றுமையாக இருந்தார்கள்.

பழைய வீட்டை இடித்தபோது இருளம்மாளுக்குப் பரணில் ஓர் இசைத்தட்டு கிடைத்தது. நடுவில் பாகவதர் பெயர் மையால் எழுதியிருந்தது. ஓரத்தில் விரிசல். ஓடவிட்டால் உடைந்துவிடுமோ என்று யாரும் போட்டுப் பார்க்கவில்லை. பெயர் இருக்கிறதே, அது போதும் என்று அவள் வக்கீல் அப்படியே தாக்கல் செய்துவிட்டார். எதிர்த்தரப்பு விடவில்லை. பாட்டு என்ன என்று தெரிய வேண்டும், இங்கேயே எல்லோர் முன்னாலும் ஓடட்டும் என்றார்கள்.

கிராமபோன் வைத்திருந்த சேதுபதியை வரவழைத்தார்கள். அவர் தட்டைக் கையிலெடுத்துப் பார்த்தார். "இது கடைக்கு வந்த தட்டு இல்லம்மா. ரிக்கார்டு பண்ணிட்டு, வேண்டாம்னு தள்ளுன மாதிரித் தட்டு. ஏன் தள்ளுனாங்கன்னு தெரியல" என்றார்.

கைப்பிடியை யார் சுற்றுவது என்பதில் வக்கீல்களுக்குள் தகராறு வந்தது. சேதுபதி எதிர்த்தரப்பு கூட்டி வந்த ஆள் என்றார் ஒருவர். நீதிபதி அம்மா கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "முத்துப்பேச்சி சுத்தட்டும்" என்றார். மின்விசிறியையும் நிறுத்தச் சொன்னார்.

முத்துப்பேச்சி சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டு கைப்பிடியைச் சுற்றினாள். சேதுபதி ஊசியை மெதுவாக இறக்கினார். முதலில் கடுகு பொரிகிற மாதிரி ஒரு சத்தம். விரிசல் வரும்போதெல்லாம் ஒரு 'டக்'. அதற்குள்ளிருந்து தம்பூரா எழுந்தது. பிறகு குரல்.

கைப்பிடியிலிருந்து கையை எடுக்க அவள் மறந்துவிட்டாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் பாடி அவள் கேட்ட பாட்டா இது? பிள்ளைகள் மேகத்தைக் கூப்பிடுவார்கள். இந்த மனிதர் கூப்பிடவில்லை. வந்து நின்றுவிட்ட மேகத்தோடு பேசிக்கொண்டிருந்தார். 'வாராயோ' என்ற ஒரே சொல்லை இழுத்து, இறக்கி, பாதியில் விட்டு, மறுபடி எடுத்தார். அவளுக்கு உச்சந்தலை சிலிர்த்தது. ஜன்னலுக்கு வெளியே கூட்டம் சேர்ந்திருந்தது.

சரணத்தின் இரண்டாம் அடியில் குரல் தடுக்கி நின்றது. ஊசி மட்டும் இரைந்தது. பிறகு தட்டுக்குள்ளிருந்து ஒரு சிரிப்பு.

"ஏலே இருதயம், இந்த எடத்துக்கு நீ நேத்துச் சொன்ன அடிதாம்லே சரி. அதையே பாடிப்புடுதேன்."

மறுபடி பாடினார். இப்போது எல்லோருக்கும் தெரிந்த அடி அது.

முத்துப்பேச்சி வாயைப் பொத்திக்கொண்டாள். எம்புட்டுப் பெரிய மனிதர்! அவர் வாயிலும் அவள் தெருவில் பேசுகிற பேச்சு. செத்து எழுபது வருடத்துக்கு மேலானவர், இப்போதுதான் வாசலில் செருப்பைக் கழற்றிப்போட்டு உள்ளே வந்தவர் மாதிரி பேசினார்.

"இதுக்குத்தான் தள்ளிருக்காங்க. நடுவுல பேசிப்புட்டார்ல" என்று முணுமுணுத்தார் சேதுபதி.

தட்டு முடிந்தது. ஊசியை எடுக்க அவருக்கே தோன்றவில்லை. நீதிபதி அம்மாதான் முதலில் பேசினார். "ரெண்டு பேரும் செத்த நேரம் வெளியில போய்ப் பேசிட்டு வாங்க."

வராந்தாவில் மெல்வின் தலை குனிந்து நின்றான். "ஆச்சி, மன்னிச்சிருங்க. ஒரு அடிதான் எங்க தாத்தாவுது. மத்ததெல்லாம் அவியளோடது."

"அந்த அடி இல்லாம பாட்டு நிக்கலியேலே," என்றாள் இருளம்மாள். கண்ணிலிருந்து வடிந்ததை அவள் துடைக்கவில்லை. "நான் பொறக்குமுன்ன போய்ச் சேந்துட்டாவ. போட்டோதான் பாத்திருக்கேன். இப்பிடிச் சிரிப்பாவன்னு எனக்கு யாரும் சொல்லலியே."

அன்றே சமரசம் எழுதினார்கள். பாட்டு இரண்டு தாத்தாக்கள் பெயரிலும் இருக்கும். கையெழுத்துப் போட்டதும் இருளம்மாள் எழுந்து, இன்னொரு தடவை கேட்கலாமா என்று கேட்டாள். தட்டு தாங்குமோ என்னவோ என்று தயங்கினார் சேதுபதி. தாங்கியது. இந்தத் தடவை இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து கேட்டார்கள்.

அன்று சாயங்காலம் மகள் வெங்கடேஸ்வரியிடம் முத்துப்பேச்சி நடந்ததையெல்லாம் சொன்னாள். பாகவதர் நிறுத்திய இடத்தையும் பேசிய பேச்சையும் அப்படியே செய்து காட்டினாள். அந்தச் சிரிப்பைத்தான் அவளால் சிரித்துக் காட்ட முடியவில்லை. இரண்டு மூன்று தடவை முயன்றுவிட்டு, "அது வராதுட்டி" என்று சும்மா உட்கார்ந்துவிட்டாள்.