பூட்டக்காவின் புதன்கிழமை

வீட்டைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். பத்தடி நடந்தபின் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பாள். கண்ணாடிக் கடை வைத்திருக்கும் கணவர் தெருவில் நின்றபடியே, "பூட்டு கையோட வந்தாத்தான் நம்புவியா?" என்பார். ஒருநாள் அலுவலகத்தில் சர்வர் அறைக் கதவையும் அப்படியே இழுத்துக்கொண்டிருந்தாள். அதை யாரோ படம் பிடித்துப் பொதுக் குழுவில் போட்டுவிட்டார்கள். அன்றிலிருந்து அவள் பூட்டக்கா. மேனேஜர்கூட அந்தப் பெயர் வாய்தவறி வந்துவிடாமல் இருக்க ரொம்பவும் பாடுபட்டார்.

அவளுடைய வேலையும் அவள் குணத்துக்கு வாகாகத்தான் அமைந்திருந்தது. ஆயிரத்துச் சொச்சம் அலுவலகங்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளவும், கோப்பு அனுப்பவும், யார் எந்த வேலையை முடித்தார்கள் என்று குறித்து வைக்கவும் ஒரு தளம் இருக்கிறது. அதற்கு அடியில், எல்லாத் தகவலும் வரி வரியாகச் சேர்ந்து கிடக்கும் டேட்டாபேஸ்கள் அவள் பொறுப்பு. அடுத்த வருடத்துக்கு எவ்வளவு இடம் வேண்டும், எந்த அட்டவணையை எங்கே பிரித்து வைப்பது, பழையதை எப்போது துடைப்பது, எல்லாம் அவள் போடும் திட்டம்தான். "எங்கேயோ ஒருத்தர் 'சரி சார்'னு அனுப்பினா இங்கே ஒரு வரி கூடும். அது தொலையாம பாத்துக்கறேன்" என்று மகளுக்கு ஒருமுறை விளக்கினாள். "ஊர் வம்பையெல்லாம் பத்திரமா வச்சிருக்கேன்னு சொல்லு" என்றாள் மகள்.

சந்தேகம் அவளுக்குப் பிறவிக் குணம் இல்லை. முதல் வேலை ஒரு பயண முகவரிடம். பேக்கப் எனும் நகலெடுப்பு தினமும் ஓடியது, தினமும் பச்சை விளக்கு எரிந்தது, அவளும் தினமும் "எடுத்தாச்சு" என்று எழுதினாள். ஒருநாள் வட்டு செத்தது. எடுத்து வைத்த கோப்புகளைத் திறந்தால் எல்லாம் காலி. ஊருக்குக் கிளம்பி வாசலில் நின்ற குடும்பங்களிடம், உங்கள் பெயரே இல்லை என்று அவள்தான் சொல்ல வேண்டியிருந்தது. அழுதுகொண்டு வீட்டுக்குப் போனவள், அதற்குப் பிறகு பச்சை விளக்கை மதித்ததே இல்லை.

ஆகவே ஒரு வழக்கம் வைத்தாள். புதன்கிழமை தவறாமல், இருப்பதிலேயே பழைய பேக்கப்பை, அதாவது மூன்று மாதத்துக்கு முந்தியதை, ஓர் உதிரி இயந்திரத்தில் முழுசாக உயிர்ப்பித்துப் பார்ப்பாள். மதியம் ஒரு மணிக்கு ஆரம்பித்தால் மூன்று மணிக்கு அது விழித்துவிடும். வரிகளை எண்ணி, சரியாக இருந்தால்தான் அன்று அவளுக்குச் சாப்பாடு செரிக்கும். "நேத்து எடுத்ததை எவன் வேணும்னாலும் எழுப்புவான். பழசு எழுந்திருக்குதான்னு பாக்கணும்" என்பாள்.

இப்படிப்பட்டவளிடம்தான் அந்தப் புகார் வந்தது. வீடு கட்ட வரைபடம் போடும் ஓர் அலுவலகம் அது. முன்பெல்லாம் தொண்ணூறு நாளைக்கு மேல் பழசான பேச்சைத் துடைத்துவிடச் சொல்லியிருந்தார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு மனம் மாறி, எதையும் துடைக்காதீர்கள் என்று எழுதிக் கொடுத்தார்கள். இப்போது கதவு எந்தப் பக்கம் திறக்க வேண்டும் என்று கட்டடக்காரரோடு தகராறு. பழைய பேச்சைத் தேடினால் காணோம்.

பூட்டக்கா பதிவேட்டைத் திறந்தாள். மூன்று வாரமாக, புதன்கிழமைதோறும் மூன்று மணி தாண்டியதும் யாரோ அந்த வரிகளை அழித்திருக்கிறார்கள். பராமரிப்புக்கென்று இருக்கும் பொதுக் கணக்கு வழியாகத்தான் அழித்திருக்கிறார்கள். அதன் கடவுச்சொல் தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். ஒருத்தி அவள். இன்னொருத்தன் பக்கத்து மேசைக்காரன்.

பக்கத்து மேசைக்காரன் முப்பது தாண்டியவன், ஒரு குழந்தைக்கு அப்பா, வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம் ஆகிறது. வாயைத் திறந்து நாலு வார்த்தை பேசமாட்டான். அவள் அந்தப் பக்கம் திரும்பினால் திரையில் எதையோ சட்டென்று மூடுவான். போன் வந்தால் படிக்கட்டுக்குப் போய்விடுவான். முன்பு அவள் அதைக் கூச்சம் என்று நினைத்தாள். இப்போது அந்த முழியே சரியில்லை என்று பட்டது.

"என்ன தம்பி, அடிக்கடி வெளிய போற மாதிரி இருக்கு?" என்று கேட்டுப் பார்த்தாள்.

"வீட்டுலேருந்து போன் அக்கா."

"நாலு தடவையுமா?"

அவன் திரைப் பக்கம் திரும்பிக்கொண்டான். ஊமைக்கோட்டான், என்று மனசுக்குள் திட்டிக்கொண்டாள். அன்றைக்கே ஒரு நோட்டு வாங்கினாள். 11:20 எழுந்தான். 11:35 வந்தான். 2:50 திரையை மூடினான். தண்ணீர் குடிக்கப் போனதைக்கூட விடவில்லை. வீட்டில் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்த கணவர், "பாவம், அவன் மூச்சு விடறதையும் எண்ணிடு" என்றார். அவள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

நான்காவது புதன்கிழமை காலையில் நோட்டோடு மேனேஜர் முன்னால் போய் நின்றாள். மேனேஜருக்கு அந்த வாடிக்கையாளர் போய்விடுவாரோ என்ற பயம்.

"நிச்சயமா அவன்தானா?"

"நான் இல்ல சார். அப்போ வேற யாரு?"

"கடவுச்சொல்லை மாத்திடலாமே."

"மாத்தினா உஷார் ஆயிடுவான். இரண்டு மணியிலேருந்து நாலு மணி வரைக்கும் அவனைக் கூட்ட அறையில உக்கார வைங்க. கம்ப்யூட்டர் வேண்டாம், போன் வேண்டாம். இன்னிக்கு ஒண்ணும் அழியலேன்னா கையும் களவுமா பிடிச்ச மாதிரிதான்."

அப்படியே செய்தார்கள். எதற்கு என்று கேட்டவனிடம், அழிந்துபோன வரிகளைப் பற்றி ஒரு விசாரணை என்று மேனேஜர் சொன்னார். அவன் அவள் மேசையை ஒரு தடவை பார்த்தான். போனைத் தன் மேசையிலேயே வைத்துவிட்டுப் போனான். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவன் மடியில் கை வைத்து உட்கார்ந்திருப்பது இங்கிருந்தே தெரிந்தது. போகிறவர் வருகிறவர் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

எது எப்படி இருந்தாலும் புதன்கிழமை புதன்கிழமைதான். ஒரு மணிக்கே பழைய பேக்கப்பை எழுப்ப ஆரம்பித்திருந்தாள். ஒரு கண் அதில், ஒரு கண் உண்மையான டேட்டாபேஸின் எண்ணிக்கையில். மணி மூன்று. எண் அசையவில்லை. அவளுக்குள் ஒரு கொடூரமான நிம்மதி வந்தது. அதை மறைக்க வேண்டியதில்லை, வந்தது. மூன்று நாலுக்கு உதிரி இயந்திரம் விழித்துவிட்டதாகச் சொன்னது. மூன்று ஐந்துக்கு உண்மையான எண்ணிக்கையிலிருந்து நானூற்றுப் பன்னிரண்டு வரிகள் போயின.

அவள் திரும்பிப் பார்த்தாள். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவன் அதே இடத்தில்தான் இருந்தான்.

பதிவேட்டில் எந்தக் கணக்கு அழித்தது என்று பார்த்தாளே தவிர, எந்த இயந்திரத்திலிருந்து வந்தது என்று பார்க்கவே இல்லை. கணக்கைப் பார்த்ததும் ஆள் கிடைத்துவிட்டான், அதற்குமேல் எதற்கு? இப்போது பார்த்தாள். முகவரி அவளுடைய உதிரி இயந்திரத்தினுடையது.

பழையதைத் தானாகவே துடைக்கும் வேலையை, அந்தச் சின்ன நிரலை, எழுதியவள் அவளேதான், மூன்று மாதமும் சில வாரமும் முன்பு. எந்த டேட்டாபேஸில் துடைக்க வேண்டும் என்று உண்மையானதன் முகவரியையும் பொதுக் கணக்கின் கடவுச்சொல்லையும் அதற்குள்ளேயே எழுதி வைத்திருந்தாள். அந்த வேலையும் பேக்கப்போடு சேர்ந்து பதிவாகியிருந்தது. மூன்று வாரமாகத்தான் அவள் எழுப்பும் மிகப் பழைய பேக்கப்பில் அது இருக்கிறது. தூங்கி எழுந்த அந்தப் பழசுக்கு வாடிக்கையாளர் மனம் மாறியது தெரியாது. தொண்ணூறு நாள் என்ற பழைய உத்தரவை நம்பி, இரண்டுக்கும் நடுவே திறந்து கிடந்த இணைப்பு வழியாகப் போய், உண்மையானதில் கை வைத்திருக்கிறது. அந்த வழியை அடைத்திருக்க வேண்டியவளும் அவள்தான். எத்தனை பூட்டை இழுத்துப் பார்த்து என்ன, எழுப்பிவிட்டது அவள் கை.

முதலில் உதிரி இயந்திரத்தின் இணைப்பைப் பிடுங்கினாள். அழிந்த வரிகள் தினசரி பேக்கப்பில் இருந்தன. எல்லாவற்றையும் திரும்பக் கொண்டுவந்துவிடலாம். பிறகு மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். அவர் நாற்காலியில் சாய்ந்துகொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"வாடிக்கையாளருக்கு மத்தியானமே எழுதிட்டேன் மேடம். ஊழியர் ஒருத்தரோட தவறு, அவரை வேலையிலேருந்து எடுக்கறோம்னு. அவனும் வேற வேலை பாத்துட்டானாம், இந்த மாசத்தோட போறானாம். இப்பதான் சொன்னான். எப்படியும் போறவன்தானே? விட்டுடுங்களேன்."

அவளுக்கும் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, விட்டுவிடலாம் என்றுதான் தோன்றியது. பத்தொன்பது வருடம் சேர்த்த பெயர். பிறகு அந்தக் கண்ணாடித் தடுப்பு கண்ணில் பட்டது.

"அந்த ஊழியர் நான்தான்னு மறுபடி எழுதுங்க சார். நீங்க எழுதலேன்னா நான் எழுதுவேன்."

தன் மேசைக்குத் திரும்பினாள். கதவை இழுத்த அவள் படத்தை ஒருகாலத்தில் போட்ட அதே பொதுக் குழுவில், வரிகளை அழித்தது என்னுடைய சோதனை, பக்கத்து மேசைக்காரருக்கு இதில் எந்தச் சம்பந்தமும் இல்லை, அவர்மேல் பழி சொன்னவள் நான் என்று முழுசாக எழுதி அனுப்பினாள். அதன் பிறகுதான் கூட்ட அறைக்குள் போனாள்.

"தம்பி, தப்பு என் மேல. மன்னிச்சிடு."

அவன் தலையை ஆட்டினான். பிறகு சொன்னான். "திரையை மூடினது வேற வேலைக்கு விண்ணப்பம் எழுதினதால. போன் வந்ததும் அதுக்குத்தான். வீடுன்னு பொய் சொன்னேன். உங்க பக்கத்துல உக்காந்து வேலை செய்ய முடியல அக்கா."

அவள் எதிர் நாற்காலியில் உட்கார்ந்தாள்.

"அந்த நோட்டை மேனேஜர் காட்டினார். நான் எழுந்த நேரம், உக்காந்த நேரம் எல்லாம் இருக்கு. உங்க நேரம் ஒண்ணுகூட இல்லையே."

அடுத்த வாரம் அவன் ஜன்னலோரம் ஒரு மேசைக்கு மாறிக்கொண்டான். வேலை முடிய இன்னும் மூன்று வாரம் இருந்தது. புதன்கிழமை ஒரு மணிக்கு, பேக்கப்பை எழுப்புவதற்கு முன்னால், பூட்டக்கா அந்த மேசைக்கு நடந்துபோய் நின்றாள்.

"இணைப்பைப் பிடுங்கிட்டேன். துடைக்கற வேலையையும் நிறுத்திட்டேன். ஆனா நான் சொன்னேன்னு நம்ப வேண்டாம். நீயே ஒரு தடவை பாத்துச் சொல்லு."

அவன் இழுப்பறையிலிருந்து ஒரு புது நோட்டை எடுத்தான். சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து, 1:02 அக்கா வந்தாங்க, என்று முதல் வரியில் எழுதினான். பிறகு ஒவ்வொன்றாகச் சரிபார்க்க ஆரம்பித்தான். அவன் முடிக்கும்வரை அவள் அங்கேயே நின்றுகொண்டிருந்தாள்.