வெள்ளையாகவே வந்த பனியன்

போன வாரம் என் வீட்டுக்காரி எனக்குப் புதுப் பனியன் வாங்கி வந்தாள். உறையைப் பிரித்ததும் பழைய வழக்கப்படி மூக்கருகே கொண்டுபோனேன். வெளுப்பு மருந்து வாடை.

"ஏனுங்க, துணிய மோந்து பாத்துட்டு ஆரையோ அடிக்கப் போறாப்புல நிக்கறீங்க?" என்றாள்.

அடிக்கத்தான் தோன்றியது. முருகன் பெயரைச் சொல்லிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. பெருமாநல்லூரில் நான் பெட்டி கட்டிக்கொண்டிருந்த பனியன் கம்பெனி, ஆர்டர் இல்லாமல் மூடிக் கிடந்தது. அப்போதுதான் குணசேகரன் அண்ணனின் கலைக்குழுவில் சேர்ந்தேன். கம்பெனி திறந்த பிறகும் திரும்பிப் போகவில்லை. சாயப்பட்டறைக் கழிவு ஊர்த் தண்ணீரைக் கெடுப்பதைப் பற்றி ஊர் ஊராகப் போய் நாடகம் போட்டோம். மேடை கிடையாது, மக்கள் வட்டமாக நிற்கிற இடம்தான் மேடை. எங்கள் வேனை மேட்டில் நாங்கள் தள்ளுவோம், பள்ளத்தில் அது எங்களைத் தள்ளும். பள்ளிக்கூட வராந்தாவில் படுக்கை. கூப்பிட்ட வீட்டில் கொள்ளுப்பருப்புச் சோறு. கொள்ளுப்பருப்பு என்றதும் என் தொப்பை ஞாபகம் வருகிறது. தொப்பைக்காகவே எனக்கு முதலாளி வேஷம் கொடுத்தார்கள். வேஷம் கலைத்த பிறகும் பிள்ளைகள் மண்ணை வாரி எறியும்.

காலையில் குளித்துத் திருநீறு பூசாமல் நான் பச்சைத் தண்ணீர் குடிக்க மாட்டேன். அண்ணனுக்குச் சாமி இல்லை. "பூசுடா பூசு, முதலாளி வேசத்துக்குப் பட்டை எடுப்பாத்தான் இருக்குது" என்பார். நானும் சிரிப்பேன். நல்ல மனிதர் என்று நம்பியிருந்தேன்.

எங்கள் நாடகத்துக்கு ஒரு முடிவு உண்டு. அந்தந்த ஊர்க் கிணற்றுத் தண்ணீரை அந்த ஊர்ப் பெண் ஒருத்தி குடத்தில் கொண்டுவந்து நடுவில் வைப்பாள். நான் ஒரு வெள்ளைப் பனியனை அதில் முக்கி, ஊறவிட்டு, பிழிந்து தூக்கிப் பிடிப்பேன். சாயத் தண்ணீர் இறங்கிய கிணறு என்றால் பனியன் கறை பிடித்து வரும். ஓர் ஊரில் கத்தரிப்பூ நிறம், இன்னோர் ஊரில் செங்காவி. அதற்கு மேல் வசனம் கிடையாது. கூட்டம் அப்படியே அடங்கிப்போகும்.

வீரபாண்டி தாண்டி ஒரு சிற்றூர். அங்கே ஸ்டெல்லா என்று ஒரு பெண், கம்பெனியில் தைத்த பனியனுக்கு நூல் பிசிறு வெட்டுகிறவள். அவர்கள் வளவில் இருந்த பத்திருபது வீட்டுக்கும் ஒரே கிணறு. அது நிறம் மாறி, பிள்ளைகளுக்கெல்லாம் மேலில் சொறி. சாயப்பட்டறைக்காரரிடம் அவள் விடாமல் சண்டை போட்டதில், அவர் மாரியம்மன் கோயில் வாசலில் நின்று எல்லோரும் கேட்கச் சொன்னார்: "உங்க நாடகக்காரங்க வந்து முக்கிக் காட்டட்டும். சாயம் புடிச்சா அன்னைக்கே வாய்க்கால அடைச்சுப்போடறன்."

ஊரே திரண்டது. பட்டறை முதலாளிக்கு நாற்காலி போட்டிருந்தார்கள். ஸ்டெல்லா குடத்தைக் கொண்டுவந்து எங்கள் வேன் அருகே வைத்துவிட்டு முன்வரிசையில் போய் நின்றாள். நடுவில் தூக்கி வைத்தது அண்ணன். நான் கந்தனை நினைத்துப் பனியனை முக்கினேன். பிழிந்தேன். தூக்கினேன்.

வெள்ளை.

மறுபடியும் முக்கினேன். கொக்கு மாதிரி வெள்ளை.

"சாயம் எங்கீங்க?" என்றார் முதலாளி. கூட்டம் சிரித்தது. "அந்தப் புள்ளைக்கு வாய்தான் சாயம்" என்றான் ஒருத்தன். ஸ்டெல்லா சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. என் கையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

தண்ணீர் குடிக்க வேனுக்குப் போனேன். காலையில் நானே நிரப்பி வைத்த குடிதண்ணீர்க் கேன் காலியாகக் கிடந்தது. வேனுக்குப் பின்னால் மண் நனைந்து, கத்தரிப்பூ நிறத்தில் நுரை கட்டி நின்றது.

அண்ணன் சட்டையைப் பிடித்தேன். கையைத் தட்டிவிடாமல் மெதுவாகச் சொன்னார்: "வண்டிக்குப் புது எஞ்சின் போட்டுத் தர்றேன்னுட்டாருடா பட்டறைக்காரரு. இந்த ஒரு ஊர விட்டுக் குடுத்தா, இன்னும் எத்தனை ஊருக்குப் போலாம், யோசிச்சுப் பாரு."

சாமி இல்லாததால் இப்படிச் செய்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அந்த முதலாளிக்குச் சாமி உண்டு. வருடா வருடம் பழனிக்குப் பால்காவடி எடுப்பார். அதே கையால்தான் சாயத் தண்ணீர் மதகைத் திறந்துவிட்டார். சாமிக்கு அபிஷேகம் பண்ணுகிற தண்ணீரைக் கெடுத்துவிட்டுச் சாமிக்கே காவடி. அண்ணனையும் அவரையும் ஒரே தட்டில்தான் வைப்பேன். என் கையாலேயே ஒரு பெண்ணை ஊர் முன்னால் பொய்க்காரி ஆக்கினார்களே, அதைப் பேரன் எடுத்த பிறகும் என்னால் செரிக்க முடியவில்லை.

அன்றோடு குழுவை விட்டேன். மறுநாள் விடியக் கிளம்பிப்போய், அவள் கிணற்றில் நானே இறைத்து அதே பனியனை முக்கினேன். பிழியும்போதே உள்ளங்கையெல்லாம் நிறம். "வாம்மா, வீடு வீடாகக் காட்டுவோம்" என்றேன்.

ஸ்டெல்லா பிள்ளைக்குச் சொறி மருந்து தடவிக்கொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை.

"கூத்து முடிஞ்சுபோச்சுங்ண்ணா. இனி ஆரு வந்து பாப்பாங்க?"

ஆனாலும் காட்டினேன். கதவைத் திறந்தவர்களும், "அதான் நேத்தே நீங்களே காட்டிட்டீங்களே" என்றார்கள்.

புது எஞ்சின் போட்ட வேன் பிறகு எங்கே போனதோ, குழுவும் போயிற்று. அண்ணன் எங்கோ வடக்கே இருப்பதாகக் கேள்வி. போன வருடம் அந்த ஊருக்குப் போனேன். வளவு இல்லை, ஸ்டெல்லா குடும்பம் எங்கே என்று சொல்ல ஆள் இல்லை. கிணற்றைக் கட்டட இடிசலால் மூடி லாரி நிறுத்துகிறார்கள். இறைத்துக் காட்டலாம் என்றாலும் இனித் தண்ணீர் கிடையாது.

வீட்டுக்காரி வாங்கி வந்த பனியனைப் போட்டுக்கொள்ளும் முன் வாளியில் முக்கிப் பிழிந்து, வாசல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். எந்தப் புதுப் பனியனையும் அப்படித்தான் பார்ப்பேன். வெள்ளையாகத்தான் இருந்தது. இன்னும் ஒருமுறை முக்கினேன்.