ஆக்சிலேட்டருக்குக் கீழே ஒரு முட்டை

மைலோ கோபெக்கிக்கு இரண்டு பெண்டாட்டி என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. ஒருத்தி எர்மா. இன்னொருத்தி தீயணைப்புக் கொட்டகையில் நிற்கும் சிவப்பு பிக்கப். எர்மா பக்கத்தில் நின்று கூப்பிட்டாலும் மனுஷனுக்குக் காது கேட்காது. பிக்கப் இருமினால் அரை மைல் தள்ளி இருந்தாலும் கேட்டுவிடும்.

கார்புரேட்டர் ஒழிந்து, இன்ஜெக்டரும் ஒரு குட்டிக் கம்ப்யூட்டரும் வந்த புதுசில் செய்த வண்டி அது. பின்னால் தண்ணீர்த் தொட்டியை வெல்டிங் வைத்து ஏற்றியவர் மைலோதான். நெப்ராஸ்காவின் அந்த மூலையில் அவருக்குத் தானியக் கிடங்கில் வேலை, கொஞ்சம் வயலும் உண்டு. சைரன் ஊதினால் தீயணைப்புத் தலைவர். அதற்குச் சம்பளம் கிடையாது. தொப்பி உண்டு.

வண்டியோ லேசில் கிளம்பாது. செல்ஃப் சுற்றும், சுற்றும், சுற்றிக்கொண்டே இருக்கும். மைலோ கெஞ்சுவார், திட்டுவார், கடைசியில் வெறுத்துப்போய், சாவியை விடாமலே சீட்டில் சாய்வார். அப்போதுதான் மனசு இரங்கின மாதிரி டப்பென்று பிடிக்கும். போன மார்ச்சில் அப்படி அது யோசித்துக்கொண்டிருந்த நேரத்தில், டுவைட்டின் வைக்கோல் சுருட்டு ஒரு வரிசை சாம்பலாகிவிட்டது. தீயணைப்புக்குப் பணம் ஒதுக்குகிற ஊர் வாரியத்துக்கு டுவைட்தான் தலைமை. வண்டியை விற்றுவிட்டுப் பக்கத்து ஊரோடு சேர்ந்துவிடலாமா என்று திங்கட்கிழமை ஓட்டெடுப்பு. விற்றுவிட்டால் மைலோவுக்கு மிச்சம் அந்தத் தொப்பிதான்.

சனிக்கிழமை காலையிலேயே கொட்டகைக்கு வந்துவிட்டார். கூட எர்மாவின் தங்கை லியோனா. பள்ளிக்கூடச் சமையல்காரி, தீ என்றால் குழாய் பிடிப்பவள், அக்கா புருஷனைச் சீண்டாவிட்டால் சோறு இறங்காது.

"பம்ப் மாத்திட்டேன். ஃபில்டர் மாத்திட்டேன். சூடு பாக்குற சென்சாரும் மாத்திட்டேன். இனி மாத்த என்னதான் இருக்கு?"

"டிரைவர்," என்றாள் லியோனா.

பெட்ரோல் குழாயில் பிரஷர் கேஜை மாட்டினாள். சாவியைத் திருப்பியதும் முள் ஏறி அசையாமல் நின்றது. "பிரஷர் ஜம்முன்னு இருக்கு மாமா. நீங்க செல்ஃப் அடிங்க, நான் பின்னாடி போய்ப் பாக்குறேன்."

மைலோ ஏறி உட்கார்ந்து அடித்தார். லியோனா புகைக்குழாய்க்கிட்டே மூக்கை நீட்டினாள். இவ்வளவு நேரம் செல்ஃப் அடித்தால் பச்சைப் பெட்ரோல் வாடை மூக்கைத் துளைக்க வேண்டும். ஒன்றுமில்லை. பெட்ரோல் இன்ஜின் வாசல் வரை வந்து நிற்கிறது, உள்ளே ஒரு சொட்டு இறங்கவில்லை.

மைலோ கோபமாகக் காபி எடுக்கப் போனார். லியோனா சும்மா ஏறிச் சாவியைத் திருப்பினாள். ஒரே சுற்று, பிடித்துக்கொண்டது. சட்டென்று அணைத்தாள். வண்டி அதேதான். சாவி அதேதான். உட்கார்ந்த ஆள்தான் வேறே.

காலால் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டால் ஒன்றும் செய்யவில்லை என்பார், சத்தியமும் பண்ணுவார். மறுநாள் கொலாச்சி பன் சுட வாங்கி வைத்திருந்த முட்டையில் ஒன்றை எடுத்து, ஆக்சிலேட்டருக்குக் கீழே பூ மாதிரி வைத்துவிட்டு இறங்கினாள்.

மைலோ வந்தார், ஏறினார். சாவியைத் தொடுவதற்கு முன்பே கீழே நொறுக்கென்று ஒரு சத்தம்.

குனிந்து பார்த்தார். பூட்ஸிலிருந்து மஞ்சள் கரு வழிந்தது. "யாரு என் வண்டியில முட்டை வச்சது?"

"கோழியா இருக்கும்."

"லியோனா."

"சரி, நான்தான். ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடியே தரை வரைக்கும் மிதிக்கிறீங்க மாமா."

"எல்லாரும் அப்படித்தான். எங்கப்பா வண்டிக்கு ஒன்பது வயசுல மிதிக்க ஆரம்பிச்சவன் நான்."

"அது கார்புரேட்டர். மிதிச்சாத்தான் பெட்ரோல் இறங்கும். இந்தக் கம்ப்யூட்டரு, நீங்க முழுசா மிதிச்சா பிளக் பெட்ரோல்ல நனைஞ்சு கெடக்குன்னு நெனைச்சுக்கும். காயட்டும்னு பெட்ரோலை நிறுத்திடும். நீங்க வெறுத்துப்போய்க் காலை எடுக்கறீங்க பாருங்க, அப்பதான் வழி விடுது."

மைலோ பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ டுவைட்டோட வைக்கோலு..." என்று ஆரம்பித்தார்.

சைரன் ஊதியது.

தண்டவாளத்துக்குப் பக்கத்துப் புல்வெளியில் புகை. லியோனா பாய்ந்து ஏறினாள். மைலோ சாவியைத் திருப்பினார். சுற்றியது, சுற்றியது.

"காலை எடுங்க மாமா."

"எடுத்துட்டேன்."

"எடுக்கல. கீழ பாருங்க."

மைலோ பார்த்தார். கால் அவர் பேச்சைக் கேட்காமல் தரையோடு ஒட்டிக் கிடந்தது.

"சம்மணம் போடுங்க."

"என்னது?"

"சீட்டு மேல மடக்கி வைங்க. சீக்கிரம்."

ஆறடி ஆள், முட்டை பூசின பூட்ஸோடு, ஸ்டியரிங்குக்குப் பின்னால் வலது காலை மடக்கிக்கொண்டு சாவியைத் திருப்பினார். முதல் சுற்றிலேயே வண்டி உறுமியது. மைலோ சின்னப்பிள்ளை மாதிரி சிரித்தார். கியர் போட்ட பிறகுதான் கால் கீழே இறங்கியது, கொட்டகைக் கதவில் கண்ணாடி உரசியதைக்கூட யாரும் கவனிக்கவில்லை.

டுவைட் ஏற்கெனவே அங்கே ஈரச் சாக்கால் நெருப்பை அடித்துக்கொண்டிருந்தான். காற்று அவன் சோள வயல் பக்கம் திரும்பியிருந்தது. லியோனா குழாயை இழுத்துக்கொண்டு ஓட, மைலோ வண்டியை நெருப்போரமாகவே நகர்த்திக்கொண்டு வந்தார். தொட்டி காலியாவதற்குள் நெருப்பு படுத்துவிட்டது.

டுவைட் கரிமுகத்தோடு வண்டியைச் சுற்றி வந்தான். "இன்னைக்கு மட்டும் எப்படி உடனே கிளம்புச்சு? என்னதான் கோளாறு அதுல?"

மைலோ வாயைத் திறந்தார். லியோனா முந்திக்கொண்டாள். "ஆக்சிலேட்டர்கிட்ட ஒரு பார்ட் இறுகிப்போய் மேல வராம கெடந்துச்சு. கண்டுபிடிச்சாச்சு."

"புதுசு வாங்கணுமா?"

"வேணாம். பழசுதான். ஆனா நல்ல பார்ட். இன்னும் உழைக்கும்."

மைலோ தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தார். ரொம்ப நேரம் துடைத்தார்.

திங்கட்கிழமை டுவைட் வண்டியை விற்கிற பேச்சையே எடுக்கவில்லை. மறுநாள் காலையில் அவன் களத்தில் மைலோ வயலின் வைக்கோல் சுருட்டு ஒரு வரிசை இறங்கியிருந்தது. ஏன் என்று டுவைட்டுக்கு இன்றுவரை விளங்கவில்லை. சைரன் ஊதினால் கொட்டகைக்குள் மைலோ ஏன் சம்மணம் போடுகிறார் என்பதும்தான்.