இத்தாவில் கேட்ட இரும்பு

என் கணவர் மௌத்தான பிறகு என்னால் தாங்க முடியாமல் போனது அமைதிதான். எங்கள் வீட்டு வளவின் முன்பக்கத்தில், தெருவோடு ஒட்டி, அவருடைய வெல்டிங் பட்டறை இருந்தது. கேட், ஜன்னல் கிரில், உழவு மெஷினின் பெட்டி, தோணியில் எஞ்சின் பூட்டும் சட்டம் என்று கல்முனையில் எது உடைந்தாலும் அங்கே வரும். காலையிலிருந்து பின்னேரம் அஸர் தொழுகை வரை கிரைண்டர் சத்தம் ஓயாது. கல்யாணமான புதிதில் நெற்றியில் தைலம் பூசிக்கொண்டு திரிந்தவள் நான். போகப்போகக் குசினியில் நின்றபடியே அவர் வெட்டுவது தகடா, குழாயா, கம்பியா என்று சொல்லுவேன். ஒரு நாள் நடுப்பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கிரைண்டர் தரையில் விழுந்து தன்பாட்டில் சுற்றிக்கொண்டு கிடந்தது. யாரோ ஓடிப்போய் சுவிட்சை அணைத்தார்கள். அதோடு எல்லாம் நின்றது.

எங்களில் கணவன் இறந்தால் மனைவி இத்தா இருக்க வேண்டும். நான்கு மாதத்துக்கும் மேலாக, வெள்ளைச் சேலையோடு, திரை போட்ட அறைக்குள். அந்நிய ஆண் யாரும் பார்க்கக் கூடாது. கணவனின் தம்பியும் அந்நிய ஆண்தான். கத்தி அழவும் கூடாது. கண்ணீர் விடலாம், குரல் எழக் கூடாது.

பள்ளிக்கூடம் போகும் முன் மகள் தன் போனையும் ஹெட்செட்டையும் தந்து, "குர்ஆன் கேளுங்க உம்மா" என்றாள். கேட்டேன். முதல் சில வாரங்கள் அதுதான் என்னைத் தாங்கிப் பிடித்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் லுஹர் தாண்டி, பட்டறை கதற வேண்டிய நேரம் வந்தால், ஓதல் சத்தத்துக்குப் பின்னாலும் அந்த வெறுமை கேட்டது. ஒரு நாள் பகல் ஆங்கிலத்தில் கிரைண்டர் சத்தம் என்று எழுதித் தேடினேன். உலகத்தில் எதற்கும் ஆள் இருக்கிறது. குழந்தைகளைத் தூங்கவைக்க என்று மணிக்கணக்காகக் கிரைண்டரை ஓடவிட்டுப் பதிந்து போட்டிருந்தார்கள். எனக்கும் கண் அயர்ந்தது. அது முடிந்ததும் போன் தானாகவே அடுத்ததைப் போட்டது.

மூடிக்கிடக்கும் ஆலை ஒன்றின் சாம்பல் நிறப் படம். இரும்பில் இரும்பு விழும் சத்தம், சொல்லிவைத்த மாதிரி ஒரே கணக்கில். அதற்குள் தடித்த கிட்டார் ஒன்று வந்து நின்றது. பிறகு ஒரு மனிதனின் குரல். அவன் பாடவில்லை. பொலிஸில் வாக்குமூலம் கொடுப்பவன் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் ஒப்புவித்தான். நான் எழும்பி உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குப் பிறகு பகல் எல்லாம் அதே வேலைதான். உயர்தரம் வரை படித்த ஆங்கிலம் முதல் தடவையாக எனக்குப் பயன்பட்டது. வீடியோக்களின் கீழே ஆட்கள் எழுதியிருந்ததை வாசித்து வாசித்து விளங்கிக்கொண்டேன். இங்கிலாந்தின் வடக்கிலும் ஜெர்மனியிலும், ஆலைகள் இழுத்து மூடப்பட்ட ஊர்களில், நான் பிறப்பதற்கு முன், வேலை இல்லாத இளந்தாரிகள் செய்த காரியம் இது. வாத்தியம் வாங்க வழியில்லை, வாங்கியவர்களுக்கும் ஒழுங்காக வாசிக்கத் தெரியாது. எண்ணெய் வரும் இரும்புப் பரல், தகரம், ட்ரில் மெஷின் என்று கைக்குக் கிடைத்ததை அடித்திருக்கிறார்கள். ஒலிநாடாவை வெட்டி, வட்டமாக ஒட்டி, ஒரே சத்தத்தைச் சுற்றச் சுற்ற விட்டிருக்கிறார்கள்.

எல்லாமே நல்லது என்று சொல்ல மாட்டேன். பாதிக்கு மேல் சும்மா ஆளைக் கடுப்பேற்றுகிற வேலை. தகரத்தைத் தட்டினால் போதும், பெரிய ஆளாகிவிடலாம் என்று நினைத்தவர்கள் அங்கேயும் இருந்திருக்கிறார்கள். ஒருவன் கிரைண்டர் பிடிக்கிறான், டிஸ்க் தேய்ந்து முடிந்தது கூட அவனுக்குத் தெரியவில்லை. என் மனுசன் இருந்தால் பறித்து வைத்திருப்பார். ஆனால் நல்லதுகள் உண்மையிலேயே நல்லவை. ஒன்று ஆரம்பம் முதல் முடிவு வரை ஒரே அடி. போன் இறுகி நின்றுவிட்டது என்றே முதலில் நினைத்தேன். திரும்பக் கேட்டபோதுதான் அடியில் ஒரு சின்ன முனகல் கொஞ்சம் கொஞ்சமாக வளர்வது பிடிபட்டது. இத்தாவும் அப்படித்தான். விடிவதும் இருள்வதும் ஒன்றுபோல இருக்கும், அடியில் என்னவோ பெரிதாகிக்கொண்டே போகும்.

இன்னொன்றில் ஒரு பெண் கத்துகிறாள். சொல் எதுவும் இல்லை, கத்தல் மட்டும். அதை முதல் தடவை கேட்டபோது தலையணையைக் கடித்துக்கொண்டு கிடந்தேன். எனக்கு அவள் மேல் பொறாமையாக இருந்தது.

இதெல்லாம் கூடுமா, கூடாதா என்று யோசிக்காமலும் இல்லை. எங்கள் வீட்டில் பாட்டுப் போடுவதில்லை. ஆனால் இதில் ராகம் இல்லை, ஆட்டம் இல்லை, காதல் இல்லை. பாட்டு ஹராம் என்று சொல்பவரிடம் இதைப் போட்டுக் காட்டினால், போன் பழுது என்றுதான் சொல்வார். அல்லாஹ் மன்னிக்கட்டும் என்றுவிட்டுக் கேட்டேன்.

பார்க்க வரும் பெண்கள் என் காதைப் பார்த்துவிட்டு, எனக்குத் துணையாக வந்திருந்த என் உம்மாவிடம் கேட்பார்கள், "மார்க்க பயானா கேக்கிறா?"

"ஓம், எந்த நேரமும் அதுதான்" என்பார் உம்மா.

"நல்ல சபூரான, பொறுமையான புள்ள."

நான் தலையைக் குனிந்துகொள்வேன்.

இப்படி இருக்கும்போதுதான் கணவரின் தம்பி வந்தார். திரைக்கு அந்தப் பக்கம் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்.

"மதினி, கோவிச்சுக்காதீங்க. ஆம்புளப் புள்ள இல்லாத வீடு. மார்க்கப்படி எனக்கும் பங்கு இரிக்கி. மெஷினெல்லாம் சும்மா கிடந்து துருப் புடிக்கிது. ஒரு யாவாரி வந்து கேக்கான்."

பங்கு இருப்பது உண்மைதான். ஆனால் நான் வேறு முடிவில் இருந்தேன். என் கணவரோடு வேலை செய்தவர் பட்டறையை எனக்காக நடத்தச் சம்மதித்திருந்தார். நானும் மகளும் அதை வைத்துத்தான் சீவிக்க வேண்டும். இன்னொன்றையும் வெட்கமில்லாமல் சொல்கிறேன், அந்தச் சத்தம் எனக்கு மறுபடி வேண்டும்.

"இத்தா முடியட்டும், கதைப்பம்" என்றேன். "அதுவரைக்கும் ஒருத்தரும் தொடப்படாது."

"சரி மதினி" என்றுவிட்டு எழும்பிப் போனார்.

இத்தா முடிய இன்னும் கொஞ்ச நாள்தான் இருந்தது. ஒரு நாள் பகல் உம்மா தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு, "ஹெட்செட்டப் போட்டுக்கிட்டுக் கொஞ்சம் படு மக" என்றார். கதவையும் மெதுவாகச் சாத்தினார். உம்மாவுக்கு என் மனது விளங்குகிறது என்று நினைத்து எனக்குக் கண் கலங்கியது.

புதிதாகக் கிடைத்த நீளமான ஒன்றைப் போட்டேன். வெறும் இரைச்சலாகவே போனது. கண்ணை மூடிக்கொண்டேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது, பாரமான ஓர் இரும்பைச் சீமெந்துத் தரையில் இழுக்கும் சத்தம் வந்தது. இழுத்து, நிறுத்தி, மூச்சு வாங்கி, மறுபடி இழுத்தார்கள். இரண்டு ஆள் அசைக்க முடியாத பாரம் என்று சத்தத்திலேயே தெரிந்தது. இத்தனை நாளில் இப்படி ஒன்றை நான் கேட்டதில்லை. கடைசியில் இரும்பு தெரிந்த ஒருவன் வந்துவிட்டான் என்று மனதார மெச்சினேன். யார் செய்தது என்று பார்க்கப் போனை எடுத்தேன். திரை கறுத்துக் கிடந்தது. சார்ஜ் இறங்கி அது எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

ஹெட்செட்டைக் கழற்றினேன். சத்தம் கூடியது. "மெல்ல, மெல்ல, அந்தப் பக்கம் புடி" என்று எங்கள் தமிழ் கேட்டது.

இரும்பு கடையும் அவருடைய லேத் மெஷின். வாங்கிப் பூட்டிய நாளிலிருந்து அசைக்காத மெஷின் அது. அசைந்தால் என்ன சத்தம் வரும் என்று எனக்கு எப்படித் தெரியும்?

கதவைத் திறந்தேன். உம்மா வாசலை மறித்துக்கொண்டு நின்றார். "வெளியில ஆம்புளையள் மக."

"பட்டறைப் பூட்டுத் தெறப்பு ஆரு குடுத்த?"

உம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. "நாளைக்கு உன்ட மகள்ட நிக்காஹ்வுக்கு வலியா, பொறுப்பாளியா நிக்கப்போறவர் அவள்ட வாப்பாட தம்பிதானே. வாப்பா இல்லாத புள்ள. அவரப் பகைச்சா ஆரு மக வந்து கை புடிச்சுக் குடுக்கிற?"

உம்மா சொன்னதில் பிழை இல்லை. எனக்கு அதுதான் ஆத்திரம். "இறக்குங்க கீழ" என்று கத்தினேன். என் குரல்தானா என்று எனக்கே சந்தேகம் வந்தது. அந்த நேரம் பார்த்து லொறியை ஸ்டார்ட் பண்ணினார்கள். அந்தப் பாட்டில் கத்திய பெண்ணுக்கு முன்னால் ஒரு மைக் இருந்தது, அதைப் பதிந்துவைக்க ஆள் இருந்தது. என் கத்தல் உம்மாவோடு நின்றது. வெங்காயம் மணக்கும் உள்ளங்கையால் என் வாயைப் பொத்தினார். "தெருவுக்குக் கேக்கும் மக" என்றார். அவரும் அழுதுகொண்டுதான் இருந்தார்.

மெஷின் விற்ற காசில் எங்கள் பங்கைச் சரியாகவே பிரித்துத் தந்தார் கணவரின் தம்பி. மார்க்கத்தில் உள்ளபடி, ஒரு சதம் பிசகாமல். குறை சொல்ல இடமில்லை என்பதுதான் எனக்கு இன்னும் எரிகிறது. பட்டறைத் தரையில் லேத்தைப் பூட்டியிருந்த போல்ட்டுகள் வெட்டப்பட்டுக் கூராக நிற்கின்றன. இப்போது அங்கே மகள் சைக்கிளை நிறுத்துகிறாள்.

இன்றைக்கும் லுஹர் தொழுதுவிட்டு நான் அவற்றைக் கேட்கிறேன். எந்தக் குழு எந்த ஊர், யார் முந்தி யார் பிந்தி என்பதெல்லாம் இப்போது அத்துப்படி. இரண்டு காதுக்கும் பிரித்துப் பிரித்துச் செய்திருக்கிறார்கள், இடப்பக்கம் பரல் அடித்தால் வலப்பக்கம் ட்ரில் ஓடும். நான் ஒரு காதில் மட்டும்தான் போடுகிறேன். மற்றக் காதை வாசல் பக்கம் திறந்து வைத்திருக்கிறேன். அதனால் எந்தப் பாட்டும் எனக்குப் பாதிதான் கேட்கிறது.