செம்பு இறங்காத இரத்தம்

மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை. வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்து, ஜெபம் முடித்து, தேநீர் வைத்துக் குடித்துவிட்டுப் பெரியப்பாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். நமுனுகுல பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்து ஓய்வு பெற்றவர். புரோஸ்டேட் புற்றுநோய் எலும்பு வரை பரவிய பிறகு பெரியம்மாவுடன் பதுளையில் என் வீட்டில் தங்கியிருந்தார்.

புற்றுநோய் வளர உடம்பிலுள்ள செம்பு உதவுகிறது, அதைக் குறைத்தால் நோய் அடங்குமா என்று அந்த ஆஸ்பத்திரியில் ஒரு மாத்திரையைச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். பெரியப்பா சம்மதித்துச் சேர்ந்திருந்தார். மற்ற மருந்துகள் கைவிட்ட பிறகு அவருக்கு மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான். எலிக்குக் கொடுக்க வேண்டியதைத் தோட்டத்து ஆளுக்குக் கொடுத்துப் பார்க்கிறார்களோ என்ற சந்தேகம் எனக்கு இருந்தது. பெரியப்பா காலமான பின்பும் அது முழுதாகத் தீரவில்லை.

அன்றைய பரிசோதனையில் இரத்தத்தில் செம்பு இறங்கவேயில்லை. மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறாரா என்று டாக்டர் என்னைத் தனியே அழைத்துக் கேட்டார். அடுத்த முறையும் இப்படியே இருந்தால் நிறுத்த வேண்டிவரும் என்றார். திரும்பி வரும்போது மாத்திரையைத் துப்பி ஒளித்திருப்பாரோ என்று பஸ்ஸில் பெரியப்பாவின் சட்டைப் பையையே பார்த்துக்கொண்டு வந்தேன். அவர் கவனித்துவிட்டார்.

“கொழுந்து நிறுக்கிற எடத்துல நான் எத்தன பேர இப்புடிப் பாத்திருப்பேன். துப்பலடா, முழுங்கிட்டுத்தான் இருக்கேன்.”

மாலையில் இறைச்சிக் கடைக்குப் போனேன். கடைக்கார நானா கத்தியைத் துடைத்தபடி, “ஒங்க பெரியம்மாவுக்கு ஈரல் எடுத்து வச்சிருக்கேன், வழக்கம்போல,” என்றார்.

ஈரலில் செம்பு அதிகம், தொடவே கூடாது என்று டாக்டர் தொடக்கத்திலேயே சொல்லியிருந்தார். பெரியம்மா அதை அவித்து அரைத்து, மிளகு தூவி, இறைச்சி சூப்பு என்று கொடுத்து வந்திருக்கிறார். கேட்டபோது மறைக்கவில்லை. கொழுந்து பறித்த காலமெல்லாம் தோட்டத்துக் கிளினிக்கில் அவருக்கு இரும்பு மாத்திரை கொடுத்து, ஈரல் சாப்பிடச் சொல்லியிருந்தார்கள்.

“சத்த ஏத்தச் சொல்லித்தான் கேட்டிருக்கேன். ரத்தத்துல இருக்கத எறக்குற மருந்த யாருப்பா நம்புவா?”

பெரியப்பா திட்டவில்லை. சூப்புக் கோப்பையைத் தள்ளி வைத்தார். “நிறுத்திப்புட்டாங்கன்னா என்னடி செய்யிறது?” என்று மட்டும் கேட்டார்.

உண்மையைச் சொன்னால் அப்போதே நீக்கிவிடுவார்களோ என்று பயந்து, டாக்டரிடம் சொல்ல வேண்டாம் என்றேன். பெரியம்மா கோப்பையை எடுத்துக் கழுவப் போனார்.

மறுநாள் காலை, நான் அடுப்பைப் பற்றவைக்கும் முன்பே பெரியம்மா சேலை மாற்றி வாசலில் நின்றார். ஆஸ்பத்திரியில் டாக்டர் வந்து உட்காருவதற்குள் பெரியம்மா அவர் எதிரே போய் நின்றார்.

“மாத்திர மேல குத்தமில்லீங்க. அவரு மேலயும் இல்ல. ஈரல் குடுத்தது நானு. அவர மட்டும் நிறுத்திறாதீங்க.”